எந்த வேலைக்கு எந்தக் குழல்

துப்பாக்கியின் குழல் மூன்று வேலைகளைச் செய்கிறது. வெடிமருந்து எரிந்து உண்டாகும் வாயுவின் அழுத்தத்தைத் தாங்குகிறது. அந்த அழுத்தத்தைக் கொண்டு குண்டுக்கு வேகம் ஏற்றுகிறது. ரைஃபிளாக இருந்தால் குண்டைத் தன் அச்சில் சுழலவும் வைக்கிறது. இந்த மூன்றில் எதற்கு முதலிடம் என்பதைச் சுடுவதன் நோக்கம்தான் தீர்மானிக்கிறது. 10 மீட்டர் தூரத்தில் காகிதத்தைத் துளைக்கும் போட்டித் துப்பாக்கிக்கும், படைவீரரின் ரைஃபிளுக்கும், யானைக்கு மயக்க ஊசி செலுத்தும் துப்பாக்கிக்கும் குழல்கள் ஒன்றையொன்று ஒத்திராமல் இருப்பதற்கு இதுவே காரணம். நீளம், பருமன், உட்சுவரில் சுருளாக ஓடும் பள்ளமான மரையின் முறுக்கு ஆகிய மூன்றில் எதைக் கூட்டினாலும் குறைத்தாலும் வேறெங்கோ இழப்பு வரும். எல்லாவற்றுக்கும் ஏற்ற குழல் என்று ஒன்று கிடையாது.

குழல்களில் மிகப் பழைய வகையைப் பார்க்க அருங்காட்சியகத்துக்குப் போகத் தேவையில்லை. வேலூரிலிருந்து சுமார் 25 கி.மீ. தொலைவில், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் அமிர்தி இருக்கிறது. 1967-இல் அமைந்த சிறிய வன உயிரினப் பூங்காவுக்காகவும் அருவிக்காகவும் வெளியூர்க்காரர்கள் அறிந்த ஊர் அது. அதற்கு மேலே ஏறிப் போகும் மலைக் கிராமங்களில் சாமையையும் நெல்லையும் காட்டுப்பன்றியிடமிருந்து காக்க நெடுங்காலம் பயன்பட்டது, வாய்வழியே மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி. உரிமம் இல்லாத இத்தகைய துப்பாக்கிகளை வனத்துறையும் காவல்துறையும் பறிமுதல் செய்வதும், தாமாக ஒப்படைக்கச் சொல்லி அறிவிப்பதும் இந்தப் பக்கத்து நாளிதழ்களில் பழகிய செய்தி. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி அதற்கும் உரிமம் வேண்டும். 1972-ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையையே தடுத்துவிட்டது.

சட்டத்தை ஒதுக்கிவிட்டு இயற்பியலை மட்டும் பார்த்தால், நாட்டுத் துப்பாக்கியின் குழல் தன் வேலைக்குப் பொருத்தமானதுதான். அதன் உட்புறம் வழவழப்பானது, மரை கிடையாது. ஒரு பிடி ரவையை ஒரே சமயத்தில் வெளியே தள்ள அப்படித்தான் இருக்க வேண்டும். மரை உள்ள குழலில் ரவையைப் போட்டால், சுழன்றுகொண்டே வெளியேறும் ரவைகள் நடுவே வெற்றிடம் விட்டு வளையம்போல் சிதறும். பத்திருபது அடி தள்ளி நிற்கும் பன்றிகூடத் தப்பிவிடலாம். அதே வழவழப்பான குழலில் ஒற்றை ஈய உருண்டையைப் போட்டால் நிலைமை தலைகீழ். எளிதாக உள்ளே இறங்குவதற்காக உருண்டையைக் குழலின் விட்டத்தைவிடச் சிறியதாக வைத்தாக வேண்டும். சுடும்போது அது குழலின் சுவரில் மாறி மாறி மோதிக்கொண்டே ஓடி, கடைசியாக எந்தப் பக்கம் மோதியதோ அதற்கேற்ற திசையில் போகும்.

இந்தக் குறையோடுதான் ஒரு காலத்தில் படைகளும் போரிட்டன. 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் பொது ஆயுதம் வழவழப்பான குழலுடைய மஸ்கெட். குழலின் உள்விட்டம் முக்கால் அங்குலம், நீளம் 39 அங்குலம். குண்டின் விட்டமோ சுமார் 0.69 அங்குலம். ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி! நூறு கெஜத்துக்கு அப்பால் தனி ஆளைக் குறிபார்ப்பது பெரும்பாலும் வீண். வரிசையாக நின்று கூட்டமாகச் சுடும் படைக்கு அது போதுமானதாக இருந்தது. வேகமாகக் கெட்டிப்பதே அங்கே முக்கியம்.

மரையின் பயன் அப்போதே தெரியாமல் இல்லை. 1800-இல் பிரிட்டிஷ் படையில் சேர்ந்த பேக்கர் ரைஃபிளின் குழலில் ஏழு பள்ளங்கள் ஓடின. ஈய உருண்டையை எண்ணெய் தடவிய தோல் துண்டில் சுற்றி உள்ளே திணிப்பார்கள். தோல் மரையைப் பற்றிக்கொண்டு உருண்டையைச் சுழற்றும். தோலுக்குப் பெயர்போன ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்து வாசகருக்குத் தோலின் இந்த வேலை புதிதாக இருக்கலாம். குறி துல்லியமானது, ஆனால் கெட்டிக்க நேரம் பிடித்தது. இந்தச் சிக்கலை 1853-ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு ரைஃபிள் தீர்த்தது. அதன் குண்டு நீள வடிவில், குழலைவிடச் சற்றே சிறியது. தளர்வாக உள்ளே இறங்கும், வெடித்ததும் அதன் அடிப்பகுதி விரிந்து மரையில் இறுகும். குண்டைச் சுற்றிய தாளுக்குக் கொழுப்புத் தடவ வேண்டியிருந்தது. அந்தக் கொழுப்பு 1857-இல் சிப்பாய்க் கிளர்ச்சியை எப்படித் தூண்டியது என்பது பள்ளிப் பாடம்.

அதற்குப் பிறகு நடந்தது பாடநூல்களில் அதிகம் வராதது. கிளர்ச்சி அடங்கியதும், இந்தியச் சிப்பாய்களுக்குத் துல்லியமான ரைஃபிளைக் கொடுக்கப் பிரிட்டிஷ் அரசுக்கு மனம் வரவில்லை. என்ஃபீல்டு குழல்களின் மரையைக் கடைந்தெடுத்து, உள்விட்டத்தை 0.577 அங்குலத்திலிருந்து 0.656 அங்குலமாக்கி, வழவழப்பான குழலாக மாற்றிக் கொடுத்தார்கள். கடைந்ததில் குழலின் சுவர் மெலிந்து போனது. அடுத்த மாதிரியில் சுவரைத் தடிமனாக்க வேண்டியதாயிற்று. வெளித்தோற்றம் ஒன்றே, தொலைவுத் திறன் வேறு. வேண்டுமென்றே தாழ்ந்த குழலைத் தேர்ந்தெடுத்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

மரை ஏன் இவ்வளவு வேறுபாட்டை உண்டாக்குகிறது? நீள வடிவக் குண்டு காற்றில் நேராகப் போக விரும்பாது. காற்றின் எதிர்ப்பு அதன் மூக்கைத் தூக்கிக் குப்புறத் தள்ளப் பார்க்கும். சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பதைப்போல, சுழலும் குண்டு தன் அச்சின் திசையை விடாமல் பிடித்துக்கொள்கிறது. எவ்வளவு சுழற்சி வேண்டும் என்பதே குழல் தேர்வின் மையக் கேள்வி. குண்டு ஒரு முழுச் சுற்றுச் சுற்றுவதற்குக் குழலில் எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதை முறுக்கு என்ற அளவு சொல்கிறது. 7 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற முறுக்கில் நொடிக்கு 900 மீட்டர் வேகத்தில் வெளியேறும் குண்டு, நொடிக்கு 5,000 முறைக்கு மேல், அதாவது நிமிடத்துக்கு 3 லட்சம் முறை சுழல்கிறது.

1879-இல் இங்கிலாந்தின் உலிச்சில் பேராசிரியராக இருந்த ஆல்ஃபிரட் ஜார்ஜ் கிரீன்ஹில் ஓர் எளிய சூத்திரம் கொடுத்தார். குண்டின் விட்டத்தின் வர்க்கத்தை 150-ஆல் பெருக்கி, குண்டின் நீளத்தால் வகுத்தால் தேவையான முறுக்கு கிடைக்கும். 7.62 மி.மீ. விட்டமும் 28 மி.மீ. நீளமும் உள்ள குண்டுக்கு ஏறக்குறைய 311 மி.மீ. என்று விடை வருகிறது. அதே விட்டத்தில் நீளம் 35 மி.மீ. ஆனால் முறுக்கு 249 மி.மீ. ஆக இறுக வேண்டும். இவ்வளவு எளிய கணக்குக்கு விடை வியப்பூட்டும் அளவுக்குச் சரியானது: 7.62 மி.மீ. நேட்டோ தோட்டாவுக்கான பல ரைஃபிள்களின் முறுக்கு 12 அங்குலம், அதாவது 305 மி.மீ. கவனிக்க வேண்டியது, சூத்திரத்தில் குண்டின் எடை இல்லை, நீளம்தான் இருக்கிறது. கனமான குண்டுக்கு இறுக்கமான முறுக்கு என்று பேச்சில் சொல்வது, கனமான குண்டு பெரும்பாலும் நீளமாகவும் இருப்பதால் வந்தது. பேக்கர் ரைஃபிளின் முறுக்கு சுமார் 3 மீட்டருக்கு ஒரு சுற்று என்று மிகத் தளர்வாக இருந்ததற்கும் இதுவே விளக்கம். உருண்டையின் நீளம் அதன் விட்டத்துக்குச் சமம்.

அப்படியானால் எப்போதும் இறுக்கமான முறுக்கையே வைத்துவிட்டால் என்ன? எந்தக் குண்டும் முழுமையான சமநிலையில் வார்க்கப்படுவதில்லை என்பதுதான் தடை. குண்டின் எடைமையம் அச்சிலிருந்து ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு விலகியிருப்பதாகக் கொள்வோம். குழலுக்குள் அது அச்சைச் சுற்றி வருகிறது. குழல்வாயை விட்டதும் தொடுகோட்டில் பக்கவாட்டாகத் தெறிக்கிறது. கணக்கிட்டால், 305 மி.மீ. முறுக்கில் 100 மீட்டர் தூரத்தில் சுமார் 21 மி.மீ. விலகல் வரும், 178 மி.மீ. முறுக்கில் சுமார் 35 மி.மீ. ஆகவே நிலைநிறுத்தப் போதுமான சுழற்சி வேண்டும், அதற்கு மேல் வேண்டாம். இந்திய ராணுவத்திலும் பயன்பட்ட டிராகுனோவ் ரைஃபிளின் கதை இதற்குப் பொருத்தமானது. முதலில் அதன் முறுக்கு 320 மி.மீ.; குறி மிக நன்றாக இருந்தது. கவசம் துளைக்கும் நீண்ட குண்டையும் அதே குழலில் சுட வேண்டும் என்ற தேவை வந்தபோது, 1970-களில் 240 மி.மீ. ஆக்கினார்கள். பலவகைத் தோட்டாக்களுக்கும் குழல் பொருந்தியது, சாதாரணக் குண்டின் துல்லியம் சற்றுக் குறைந்தது.

எதிர்த் திசையிலும் தவறு நடந்திருக்கிறது. அமெரிக்காவின் எம்-16 ரைஃபிளின் தொடக்க மாதிரியில் முறுக்கு 14 அங்குலம். கடுங்குளிரில் சோதித்தபோது குண்டுகள் தடுமாறின. குளிர்ந்த காற்று அடர்த்தி மிக்கது. குண்டைக் கவிழ்க்கும் விசையும் அதில் கூடுதல். முறுக்கை 12 அங்குலமாக்கினார்கள். பின்னர் நீண்ட குண்டுகள் வந்ததும் அது 7 அங்குலம் ஆனது. வேலூரின் மே மாத வெயிலில் அந்த முதல் குழல் தொல்லை தந்திருக்காது.

நீளத்தைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது: குழல் நீளமானால் குறி துல்லியமாகும் என்பது. நீளம் தருவது வேகம் மட்டுமே. வாயு தள்ளிக்கொண்டிருக்கும் வரை குண்டு வேகம் பெறும். எவ்வளவு தூரம் தள்ளும் என்பது தோட்டாவில் உள்ள மருந்தைப் பொறுத்தது. 508 மி.மீ. குழலை 368 மி.மீ. ஆகக் குறைத்தால் 5.56 மி.மீ. குண்டு நொடிக்குச் சுமார் 50 முதல் 60 மீட்டர் வரை வேகம் இழக்கிறது. தொலைவில் சுடுபவருக்கு அது பெரிய இழப்பு. வாகனத்திலிருந்து குதித்து இறங்க வேண்டியவருக்கு 14 செ.மீ. குறைவது அதைவிடப் பெரிய லாபம். மருந்து மிகக் குறைவாக உள்ள .22 தோட்டாவிலோ, குழலின் ஏறத்தாழ முதல் 40, 45 செ.மீ. தூரத்துக்குள் வாயுவின் வேலை முடிந்துவிடும். அதற்கு மேல் குழலை நீட்டினால் உராய்வு குண்டின் வேகத்தைக் குறைக்கவே செய்யும்.

துல்லியத்துக்குக் காரணம் விறைப்பு. சுடும்போது குழல் அதிர்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவில் அதன் வாய் மேலும் கீழும் அசைகிறது. ஒரு முனையில் மட்டும் பிடிக்கப்பட்ட தண்டின் வளைவு, நீளத்தின் மும்மடிக்கு நேராகவும் விட்டத்தின் நான்மடிக்கு எதிராகவும் மாறும் என்பது பொறியியல் மாணவர்கள் அறிந்த விதி. 65 செ.மீ. குழலை 50 செ.மீ. ஆக்கினால் அது இரண்டு மடங்குக்கு மேல் விறைப்பாகும். நீளத்தைத் தொடாமல் வெளிவிட்டத்தை 20 சதவீதம் கூட்டினாலும் ஏறத்தாழ அதே பலன்தான், ஆனால் எடை ஏறும். குறிப்பலகையின் முன் படுத்துச் சுடுபவருக்கு எடை ஒரு வரம். நாள் முழுவதும் தோளில் சுமந்து மலையேறும் வனக்காவலருக்கு அது தண்டனை.

குழல் மரக்கட்டையைத் தொடாமல் தனித்து நிற்க வேண்டும் என்று போட்டியாளர்கள் வற்புறுத்துவதும் அதிர்வினால்தான். இன்னொரு காரணமும் உண்டு. மழைக்காலத்தில் மரம் ஈரம் குடித்து உப்பினால் குழலை ஒரு பக்கமாக அழுத்தும்; வெயிலில் சரியாக இருந்த குறி அடைமழையில் விலகிவிடும். இந்தச் சிக்கல் இருக்கும் நாடுகளில் நார்க்கண்ணாடிக் கட்டையும் அலுமினியச் சட்டமும் வெறும் நாகரிகத்துக்காக வரவில்லை.

இந்த அளவுகளை மனத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வேலையாகப் பார்க்கலாம். துல்லியத்தின் உச்சம் 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டி. பத்துப் புள்ளிக்கான வட்டத்தின் விட்டம் 0.5 மி.மீ.; அதைத் தொட வேண்டிய ஈயக் குண்டோ 4.5 மி.மீ. விட்டம், அரை கிராம் சொச்சம் எடை. சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றதும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைப் போட்டிகளில் தங்கம் வென்றதும் இந்தப் பிரிவில்தான். குண்டின் வேகம் நொடிக்கு 170 மீட்டரை ஒட்டியே இருக்கும். ராணுவ ரைஃபிளில் குண்டு ஒரு மில்லி நொடி அளவே குழலுக்குள் இருக்கிறது. காற்றுத் துப்பாக்கியில் அதைப்போல் சில மடங்கு நேரம். அந்த நேரத்தில் சுடுபவரின் நாடித்துடிப்பும் தோள் அசைவும் குழலைத் திருப்பிவிட முடியும். அதனால் குழல் குட்டையாக, சுமார் 42 செ.மீ. அளவில் இருக்கும். நீளமாகத் தெரிவது பெரும்பாலும் குறிமுள்ளைத் தாங்கும் வெற்று உறை. .22 ரைஃபிளிலும் சிலர் இதே உத்தியைக் கையாளுகிறார்கள்: குட்டைக் குழல், அதன் முன்னே நீட்டிய குழாய், அதன் நுனியில் குறிமுள். குண்டு சீக்கிரம் விடுபடும், குறிமுள்ளுக்கும் பின்குறிக்கும் இடையே தூரமும் கிடைக்கும். 2024 ஆகஸ்ட் 1 அன்று பாரிஸில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்ற 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் பயன்படும் தோட்டா ஒலியின் வேகத்தைத் தாண்டாதது; தாண்டிய குண்டு வழியில் மீண்டும் ஒலி வேகத்துக்குக் கீழே இறங்கும்போது தடுமாறும் என்பதால் வேகத்தை வேண்டுமென்றே குறைத்து வைக்கிறார்கள். புதிதாகப் பழகுபவருக்கு ஒரு செய்தி: 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, குழல் விட்டம் 4.5 மி.மீ., ஆற்றல் 20 ஜூல் ஆகியவற்றைத் தாண்டாத காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை.

பறக்கும் களிமண் தட்டைச் சுடும் போட்டிக்கு மீண்டும் வழவழப்பான குழல். புதுக்கோட்டை மன்னர் குடும்பத்தைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான் பாரிஸ் ஒலிம்பிக்கில் கலந்துகொண்ட டிராப் பிரிவில், தட்டு சுடுபவரைவிட்டு விலகிப் பறக்கிறது. ரவை சீக்கிரம் விரிந்துவிடக் கூடாது. அதனால் குழல்வாய் சற்றே ஒடுங்கியிருக்கும். ஸ்கீட் பிரிவில் தட்டு பக்கத்திலேயே குறுக்கே பறக்கும். அதற்குத் திறந்த வாய்.

படைக்கான குழல் எதிலும் உச்சம் தொடாமல் எல்லாவற்றிலும் தேறியாக வேண்டும். திருச்சியில் 1966-இல் நிறுவப்பட்டு, 2021 அக்டோபரில் புதிய பொதுத்துறை நிறுவனம் ஒன்றின் கீழ் வந்த துப்பாக்கித் தொழிற்சாலையின் தயாரிப்புகளில் இரண்டை ஒப்பிடலாம். இன்சாஸ் ரைஃபிளின் குழல் 464 மி.மீ.; சிறிய, வேகமான 5.56 மி.மீ. குண்டுக்கு அந்த நீளம் வேண்டும். திருச்சி அசால்ட் ரைஃபிளின் 7.62×39 தோட்டாவுக்கு 415 மி.மீ. போதும். இன்சாஸின் இலகு இயந்திரத் துப்பாக்கி வடிவத்துக்கு 535 மி.மீ. நீளத்தில் தடித்த குழல். அங்கே தடிமன் குறிக்காக அல்ல, வெப்பத்துக்காக. தொடர்ந்து சுடும்போது மெல்லிய குழல் சூடேறி மென்மையாகும். தடித்த குழலில் வெப்பம் பரவ இரும்பு அதிகம்.

காட்டில் சுடும் தூரம் குறைவு, செடிகொடிகள் நெருக்கம். வேட்டைக்குச் சட்டம் இடம் கொடுத்த நாட்களில் பெங்களூருவின் கென்னத் ஆண்டர்சன் ஆட்கொல்லிப் புலிகளைத் தேடித் தமிழ்நாட்டுக் காடுகளிலும் அலைந்தபோது அவர் கையில் இருந்தது .405 வின்செஸ்டர்: கனமான குண்டு, நடுத்தர வேகம், தூக்கிச் சுற்ற எளிய குழல். ஒரு கிலோமீட்டர் பாயும் திறன் அவருக்குத் தேவைப்படவில்லை.

காட்டில் இன்று சட்டப்படி விலங்கின்மேல் நீட்டப்படும் குழல் பெரும்பாலும் மயக்க ஊசிக்கானது. ஜவ்வாது மலைச் சுற்றுவட்டத்தில் விளைநிலங்களுக்குள் புகுந்த ஆறு யானைகளை 2013-இல் வனத்துறை மயக்க ஊசி செலுத்திப் பிடித்து முகாம்களுக்கு அனுப்பியது. இந்தக் குழலின் தேவை முற்றிலும் வேறு. ஊசி மருந்துக் குப்பியோடு போகிறது; அதன் பின்புறக் குஞ்சமே அதை நேராக வைப்பதால் பல வகைகளில் மரை இல்லை. வேகம் கூடினால் ஊசி எலும்புவரை இறங்கிவிடும், குறைந்தால் தோலிலிருந்து தெறிக்கும். அதனால் வெடிமருந்தைவிட அழுத்தி அடைத்த வாயுவே வசதி: தூரத்தைப் பார்த்து அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

உலோகத் தேர்வுக்கும் நோக்கமே வழிகாட்டி. துருப்பிடிக்காத எஃகில் மரை மிகச் சீராக அமையும்; போட்டிக் குழல்களுக்கு அது பிடித்தமானது. படைக்குழல்கள் குரோமியம், மாலிப்டினம் கலந்த எஃகு. பலவற்றின் உட்புறத்துக்குக் குரோமியப் பூச்சு. ராணிப்பேட்டை, ஆம்பூர்த் தொழிற்கூடங்களில் தோலைப் பதனிடும் அதே தனிமம்தான், வேதிவடிவம் வேறு. பூச்சு மழையிலும் வியர்வையிலும் துருவைத் தடுக்கிறது, சூடான வாயு எஃகை அரிப்பதையும் தாமதப்படுத்துகிறது. ஆனால் பூச்சின் தடிமன் எங்கும் ஒரே சீராக அமைவது கடினம். மிகத் துல்லியம் வேண்டுபவர் அதைத் தவிர்க்கிறார்.

தேய்மானமும் வேலைக்கு வேலை மாறும். தோட்டா அறைக்கு அடுத்த பகுதியில் வெப்பமும் அழுத்தமும் உச்சத்தில் இருக்கும், 7.62 மி.மீ. நேட்டோ தோட்டாவில் அழுத்தம் வளிமண்டலத்தைப்போல் ஏறத்தாழ 4,000 மடங்கு. குறுகிய துளைக்குள் நிறைய மருந்து எரியும் ரைஃபிளின் மரை சில ஆயிரம் தோட்டாக்களில் மழுங்கத் தொடங்கும். ஈயக் குண்டும் சிறிதளவு மருந்தும் கொண்ட .22 குழல் அதைப்போல் பல மடங்கு உழைக்கும். அதற்குள் குழல்வாயின் விளிம்பில் ஒரு சிறு வடு விழுந்தால் போதும்: குண்டு விடுபடும் கணத்தில் வாயு ஒரு பக்கமாகக் கசிந்து, நல்ல குழலின் குறியையும் கெடுத்துவிடும்.

இவ்வளவு பார்த்து வாங்கிய பிறகும் ஒரு சோதனை மிச்சமிருக்கிறது. ஒரே தொழிற்சாலை, ஒரே மாதிரி, அடுத்தடுத்த எண் என்று வந்த இரண்டு குழல்கள் ஒரே தோட்டாவை ஒரே மாதிரி சுடுவதில்லை. அதனால் உயர்நிலை வீரர்கள் தங்கள் குழலைத் தோட்டா தயாரிப்பாளரின் சோதனைக் கூடத்துக்கே எடுத்துச் சென்று, பல தயாரிப்புத் தொகுதிகளைச் சுட்டுப் பார்த்து, எதில் துளைகள் மிக நெருக்கமாக விழுகின்றனவோ அந்தத் தொகுதியை அந்தப் பருவம் முழுவதற்கும் சேர்த்து வாங்கிவைக்கிறார்கள்.